பேசும் இடம், காட்டும் இடம், வைக்கும் இடம்: கொழும்புத் தமிழ்ப் படைப்பாளர் குழு ஒன்றின் மாற்றுத் தள முயற்சி

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மாளிகாவத்தை ஆகிய பகுதிகளில் வசிக்கும் கவிஞர்கள், ஓவியர்கள், ஒளிப்படக் கலைஞர்கள் சிலரும், அட்டன், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்களிலிருந்து படிப்புக்கும் வேலைக்குமாகக் கொழும்புக்கு வந்து தங்கியிருக்கும் இளையோர் சிலரும் சேர்ந்து ஒரு சிறு படைப்பாளர் குழுவை நடத்திவருகின்றனர். பல ஆண்டுகளாக ஒரே பெரிய சமூக ஊடகத் தளத்தை நம்பியிருந்த இக்குழு, மாற்றுத் தளங்களுக்கு இடம்பெயர முயன்றதன் விவரமே இந்த நிகழ்வு ஆய்வு. குழுவின் இணைய வேலைகளை ஒருங்கிணைப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதை உள்ளிருந்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் வேறு தமிழ்க் குழுக்கள் எங்கள் அனுபவத்தை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவை முழுமையாக இடம்பெயர்க்க எங்களால் முடியவில்லை. அதற்கு மாற்றுத் தளங்களின் குறைகளைவிடக் கொழும்பில் நாங்கள் இணையத்துக்குப் பணம் செலுத்தும் முறைதான் பெரிய காரணம். ஆனால் பேசுவது, காட்டுவது, சேமித்து வைப்பது என்ற மூன்று வேலைகளையும் ஒரே இடத்தில் போட்டு வைத்திருந்ததே எங்கள் பலவீனம் என்பது இம்முயற்சியில் தெளிவாயிற்று. அம்மூன்றையும் பிரித்த பிறகு குழு முன்னைவிட உறுதியாக நிற்கிறது.

பின்னணி

குழுவின் வழக்கமான வேலை தொடர் ஆக்கம். ஒருவர் ஓர் ஓவியத்தையோ ஒளிப்படத்தையோ முன்வைப்பார். அதைப் பார்த்து இன்னொருவர் கவிதை எழுதுவார். அக்கவிதையைப் படித்து மூன்றாமவர் வேறொரு படம் வரைவார். இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்க, எந்த ஆக்கத்திலிருந்து எந்த ஆக்கம் பிறந்தது என்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும். அந்த வரிசை முழுவதும் பெரிய தளமொன்றில் இருந்த எங்கள் பக்கத்தில் மட்டுமே இருந்தது. தாய் ஒருத்தி குழந்தைக்குப் பாலூட்டும் ஓவியம் ஒன்றைத் தானியங்கிக் கண்காணிப்பு தவறாகப் புரிந்துகொண்டதால் அப்பக்கம் முடக்கப்பட்டது. தமிழில் எழுதிய முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. பக்கம் பின்னர் திரும்பக் கிடைத்தபோதும் சங்கிலியின் சில கண்ணிகள் திரும்பி வரவில்லை. ஓவியர்களிடம் மூலப் படங்கள் இருந்தன. ஆனால் கவிதைகளில் சிலவற்றை அவற்றின் ஆசிரியர்களே வேறெங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்த இழப்பை நான் இன்னமும் சிறியதாகக் கருதவில்லை.

இந்த முடக்கம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோதும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்தும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் போராட்டத்தின்போதும் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. முதல் இரண்டு தடைகளும் ஒரு வாரத்தைத் தாண்டின. மூன்றாவது ஒரே நாளில் நீக்கப்பட்டது. தடை ஒவ்வொரு முறையும் முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் எனப் பெரிய தளங்களின் பெயர்ப் பட்டியலாகவே வந்ததால், எல்லா முட்டைகளையும் அப்பட்டியலுக்குள்ளேயே வைத்திருப்பது சரியா என்ற கேள்வி குழுவுக்குள் 2019இலேயே எழுந்திருந்தது.

2024இல் ஓவியர்களின் கவலையும் சேர்ந்துகொண்டது. முகநூலையும் இன்ஸ்டகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் பொதுப் பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தும் திட்டத்தை அவ்வாண்டு ஐரோப்பியப் பயனர்களுக்கு அறிவித்தபோது, மறுப்புத் தெரிவிக்கும் படிவம் ஒன்றை அவர்களுக்கு வழங்கியது. இலங்கையில் இருப்போருக்கு அப்படியொரு படிவம் இருக்கவில்லை. தன் கோட்டின் தனித்தன்மையைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஓவியருக்கு, மறுக்கும் உரிமைகூட வாழும் நாட்டைப் பொறுத்தது என்பது எவ்வளவு வலிக்கும் என்பதை எங்கள் கூட்டங்களில் நேரில் பார்த்தேன்.

மாஸ்டடன்

முதலில் நாங்கள் சென்ற இடம் மாஸ்டடன் என்ற சமூக ஊடகம். 2016இல் ஜெர்மனியில் ஒய்கன் ரொச்கோ தொடங்கிய இத்திறந்த மூல மென்பொருளை யார் வேண்டுமானாலும் தம் சொந்தச் சேவையகத்தில் நிறுவலாம். 2018 ஜனவரியில் இணையத்தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் (W3C) பரிந்துரையாக வெளியான அக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையால், ஒரு சேவையகத்தில் உள்ளவர் இன்னொன்றில் உள்ளவரைப் பின்தொடரவும் அவருக்குப் பதில் எழுதவும் முடிகிறது. 2022 ஒக்டோபரில் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) கைமாறியதை அடுத்து இத்தளத்துக்குப் பெருந்திரள் வந்தது. எங்கள் குழுவில் இருவர் அந்த அலையிலேயே கணக்குத் திறந்திருந்தனர்.

கவிஞர்களுக்கு இங்கே கிடைத்த முதல் நன்மை எழுத்தெண்ணிக்கை. எக்ஸ் தளத்தின் 280 என்ற வரம்பு, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிக்கோட் குறிகளை எண்ணுகிறது. ‘கொழும்பு’ என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்துகள். அத்தளத்துக்கு எட்டுக் குறிகள், ஏனெனில் உயிர்மெய்யின் உயிர்க்குறியும் மெய்யின் புள்ளியும் தனியே எண்ணப்படுகின்றன. எனவே 280 குறிகளுக்குள் பெரும்பாலும் 200 தமிழ் எழுத்துகள்கூட அடங்குவதில்லை. மாஸ்டடனின் வழக்கமான வரம்பு 500. அதுவும் நாம் எண்ணுவதுபோலவே ‘கொ’வை ஓரெழுத்தாகக் கொள்கிறது. பதினைந்து சீர் கொண்ட வெண்பா எந்தத் தளத்திலும் அடங்கிவிடும் என்று குழுவின் மரபுக் கவிஞர் பெருமையோடு சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் இருபது வரிப் புதுக்கவிதையை வெட்டாமல், வரிமுறிவு கெடாமல் ஒரே பதிவில் இடுவதற்கு மாஸ்டடன்தான் வசதியாக இருந்தது.

இரண்டாவது நன்மையை நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. இலங்கையில் அச்சு வேலைகள் பல இன்னமும் யூனிக்கோட் அல்லாத பாமினி எழுத்துருவில் நடப்பதால், எங்கள் கவிஞர்களில் பலர் கவிதையைப் பாமினியில் தட்டச்சிட்டு, அழகிய பின்னணியோடு படமாக்கியே பதிவிட்டுவந்தனர். படத்துக்குள் போன கவிதையைத் தேட முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருளால் படிக்கவும் முடியாது. மாஸ்டடனில் படத்துக்கு விவரிப்பு எழுதுவது ஏறக்குறைய ஒரு நாகரிகமாகவே கடைப்பிடிக்கப்படுகிறது. விவரிப்பு இல்லாத படத்தைப் பகிர மறுப்பவர்கள் அங்கே பலர். விவரிப்புக்கு 1500 எழுத்துகள் வரை இடமுண்டு. கவிதை முழுவதையும் யூனிக்கோடில் அங்கே எழுதும் வழக்கம் எங்களிடையே இப்படித்தான் உருவானது. இழந்த கவிதைகளை நினைத்துப் பார்க்கையில், இந்த ஒரு பழக்கத்துக்காகவே மாஸ்டடனுக்குச் சென்றது தகும் என்பேன்.

குறைகள் வேறு வகையானவை. மாஸ்டடனின் முகப்பில் பதிவுகள் நேர வரிசையில் மட்டுமே வருகின்றன. அங்கே எதையும் முன்தள்ளும் கணிப்பு இல்லை. பின்தொடர்பவர் இல்லாத புதியவரின் பதிவைக் கண்டடைய ஹேஷ்டேக் ஒன்றுதான் நம்பத்தகுந்த வழி. தமிழ் ஹேஷ்டேக்குகளில் நடமாட்டம் குறைவு. ஓவியர்களுக்கு இது பெரிய தடையாக இருக்கவில்லை. படத்துக்கு மொழி வேண்டாம் என்பதால் தமிழ் அறியாத ஓவியர்கள்கூட நுட்பம் பற்றி நீண்ட பதில்கள் எழுதினர். அத்தகைய கவனம் பழைய தளத்தில் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. கவிஞர்கள்தான் தனித்துப்போயினர். “அண்ணா, இடம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ட கவிதையை வாசிக்கிற ஆக்கள் ஒருத்தரும் அங்க இல்லையே” என்று தங்கை ஒருத்தி கேட்டபோது அதற்கு நேரான பதில் என்னிடம் இருக்கவில்லை.

சேவையகத்தைத் தேர்வது இன்னொரு சிக்கல். சிலர் பெரிய பொதுச் சேவையகத்திலும் சிலர் கலைஞர்களுக்கென ஒருவர் தனியாக நடத்திய சிறியதொன்றிலும் சேர்ந்தனர். சிறியதன் நிர்வாகி செலவும் சோர்வும் தாங்காமல் முன்னறிவித்துவிட்டு அதை மூடினார். மாஸ்டடனில் கணக்கை மாற்றும்போது பின்தொடர்பவர்களை அழைத்துச் செல்லலாம். பதிவுகள் கூட வருவதில்லை. பிரதியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதே ஆறுதல். இது சிறிய இடங்களுக்கு மட்டும் உரிய ஆபத்தும் இல்லை. தமிழ் உட்பட இந்திய மொழிகளை முன்வைத்து 2020இல் தொடங்கி நன்கு முதலீடு பெற்ற ‘கூ’ என்ற சமூக ஊடகம், 2024 ஜூலையில் மூடப்போவதாக அறிவித்தது. படைப்பாளர்கள் விரும்பிய கோஹோஸ்ட் என்ற தளம் அதே ஆண்டு ஒக்டோபரில் புதிய பதிவுகளை நிறுத்தியது.

அப்படியானால் சொந்தச் சேவையகம் நடத்தலாமே என்ற யோசனை இயல்பாகவே வந்தது. அதைக் கைவிட்டதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. வெளிநாட்டுச் சேவையக வாடகையை டொலரில் கட்ட வேண்டும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியதைக் கண்ட யாரும் டொலரில் நிரந்தரச் செலவொன்றை மனமுவந்து ஏற்கமாட்டார்கள். அடுத்து, மாஸ்டடன் சேவையகம் தன் உறுப்பினர்கள் பின்தொடரும் பிறருடைய படங்களையும் தற்காலிகமாகச் சேமிப்பதால், ஓவியக் குழுவொன்றின் சேமிப்பிடம் வேகமாக நிரம்பும். மூன்றாவது காரணம்தான் எங்களை முற்றாகத் தடுத்தது: 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பதிவிடுபவரோடு இணைய இடையீட்டாளரையும் பொறுப்பாளியாக்குகிறது. பிறர் எழுதுவதற்கு இடம் கொடுக்கும் சேவையகத்தைச் சட்ட ஆலோசனை இல்லாமல் இலங்கையிலிருந்து நடத்தும்படி எந்த உறுப்பினரையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பிக்செல்ஃபெட், காரா, புளூஸ்கை

கனடாவைச் சேர்ந்த டானியல் சூப்பர்நோல்ட் 2018இல் தொடங்கிய பிக்செல்ஃபெட், அக்டிவிட்டிபப் மூலம் மாஸ்டடனோடு பேசும் ஒளிப்படத் தளம். இன்ஸ்டகிராமிலிருந்து தரவிறக்கிய தொகுப்பை இதற்குள் ஏற்றலாம். ஒவ்வொரு படத்துக்கும் உரிமத்தைத் தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். ஒளிப்படக் கலைஞர்கள் மூவரும் இதைவிட்டு இன்னமும் அசையவில்லை. அவர்களுடைய படங்களை மாஸ்டடனில் உள்ள கவிஞர் அங்கிருந்தபடியே பின்தொடர்ந்து பதில் எழுத முடிவது எங்கள் தொடர் ஆக்க முறைக்கு மிகப் பொருந்தியது.

காரா ஓவியர்களுக்கென உருவான தளம். ஒளிப்படக் கலைஞர் ஜிங்னா சாங் இதன் நிறுவுநர். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களைக் காட்சிப் பக்கங்களில் ஏற்பதில்லை என்பது இதன் கொள்கை. 2024 மே இறுதியில் மெட்டாவின் அறிவிப்பை அடுத்து, ஒரே வாரத்தில் இதன் பயனர் எண்ணிக்கை ஏறத்தாழ 40,000இலிருந்து 6,50,000 ஆனது. அவ்வளவு கூட்டத்தையும் தாங்கிய சேவையகத்துக்கு 96,280 டொலர் கட்டணச் சீட்டு வந்ததாக நிறுவுநரே வெளிப்படையாகச் சொன்னார். இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கும் யாரோ ஒருவர் பணம் கட்டுகிறார் என்பதை எங்கள் குழுவில் விளக்க இந்த ஒரு தொகை போதுமாக இருந்தது. கவிதைக்கு இங்கே இடமில்லை. ஓவியர்கள் மட்டும் இங்கே கூடியபோது சங்கிலி நடுவில் அறுந்தது. எனவே தனிப்பட்ட காட்சிப் பக்கமாக மட்டும் இதை வைத்துக்கொள்ள முடிவுசெய்தோம். பயிற்சிக்கு எடுக்காதே என்று இத்தளம் படங்களில் இடும் குறி ஒரு வேண்டுகோளே தவிரப் பூட்டு ஆகாது என்பதையும் ஓவியர்களுக்குத் தெளிவுபடுத்தினோம்.

புளூஸ்கை 2019இல் ட்விட்டருக்குள் ஒரு திட்டமாகத் தொடங்கி, பின்னர் தனி நிறுவனமாகி, 2024 பெப்ரவரியில் அழைப்பு இல்லாமலே யாரும் சேரலாம் என்று திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதன் பயனர்கள் இரண்டு கோடியைத் தாண்டினர். இதன் 300 எழுத்து வரம்பும் தமிழெழுத்தை நம்மைப்போலவே எண்ணுகிறது. பயன்படுத்துவதற்குப் பழகியதுபோல் இருப்பதால் சேவையகம் எது என்ற குழப்பம் இல்லாமல் எல்லோரும் சேர்ந்துவிட்டனர். இங்கே எங்களுக்கு மிகவும் உதவியது அறிமுகப் பொதி என்ற வசதி: 150 பேர் வரை ஒரே இணைப்பில் அறிமுகப்படுத்தலாம். குழுவினர் அனைவரையும் ஒரே பொதியில் இட்டோம். புதிதாக வருபவர் ஒரே அழுத்தலில் எல்லோரையும் பின்தொடரலாம். ஆனால் இங்கே இடுவது அனைத்தும் பொதுவெளிக்கு உரியது. பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்க முடியாது. 2024 நவம்பரில் பத்து இலட்சம் புளூஸ்கைப் பதிவுகளின் தொகுப்பொன்று இயந்திரக் கற்றல் ஆய்வுக்கென வெளியிடப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. ஆகவே திறந்த தளத்துக்குப் போனால் ஓவியம் பாதுகாப்பாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. காட்டுவதற்கு ஏற்ற இடம். அரைகுறை வரைவைத் திருத்தக் கொடுப்பதற்கு ஏற்ற இடம் இல்லை.

டேட்டா பொதி

இனி, எல்லாவற்றையும் தீர்மானித்த விடயத்துக்கு வருகிறேன். இலங்கையின் தொலைபேசி நிறுவனங்கள் சமூக ஊடகங்களுக்கென்றே தனி டேட்டா பொதிகளை விற்கின்றன. அப்பொதிகளில் பெரிய செயலிகளின் பெயர்கள் குறிக்கப்பட்டிருக்கும்; அவற்றுக்குள் எவ்வளவு நேரம் இருந்தாலும் கவலை இல்லை. மாஸ்டடனும் பிக்செல்ஃபெட்டும் காராவும் அப்பட்டியலில் இருப்பதில்லை. அவற்றைத் திறந்தால் பொது டேட்டா கரையும். வெள்ளவத்தையில் வீட்டு இணைப்பு உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இது பொருட்டே இல்லை. தங்குமிட அறையில் ரீலோட் போட்டுக் காலம் தள்ளும் அட்டன் மாணவிக்கோ, புறக்கோட்டைக் கடையில் வேலை முடிந்து இரவில் மட்டும் இணையத்துக்கு வரும் கவிஞருக்கோ, மாற்றுத் தளம் என்பது ஒவ்வொரு படத்துக்கும் பணம் கட்டிப் பார்க்கும் இடம்.

முயற்சியின் நடுவில் உற்சாகமாக இருந்த சிலர் சிறிது சிறிதாக மறைந்ததை நாங்கள் முதலில் ஆர்வக் குறைவு என்றே எண்ணினோம். தனித்தனியே பேசியபோதுதான் மறைந்தவர்கள் பெரும்பாலும் வீட்டு இணைப்பு இல்லாதவர்கள் என்பது தெரிந்தது. எவரும் கூட்டத்தில் அதைச் சொல்லவில்லை, சொல்லக் கூச்சப்பட்டனர். ஒரு குழுவின் இடப்பெயர்வு அதன் ஏழை உறுப்பினர்களைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளுமானால், அத்தளம் எவ்வளவு சுதந்திரமானதாக இருந்தாலும் நான் அதை ஏற்கமாட்டேன். தளங்களின் கொள்கைகள் பற்றி மட்டுமே விவாதித்துக்கொண்டிருந்த எங்கள் கூட்டங்களின் போக்கு இதன் பிறகு மாறியது.

குழுவினர் மட்டும் பேசிக்கொள்ளும் மூடிய அறைகளையும் இந்த அளவுகோலாலேயே மதிப்பிட்டோம். டிஸ்கோர்ட் என்ற உரையாடல் செயலியில் தலைப்புவாரியாக அறைகள் பிரிக்கும் வசதி மிகச் சிறந்தது. ஆனால் அதுவும் பொதிக்கு வெளியே நின்றதோடு, வயதில் மூத்த உறுப்பினர்களுக்குப் பிடிபடவும் இல்லை. டெலிகிராமில் பெரிய கோப்புகளை அனுப்ப முடிந்தது. இறுதியில் வட்ஸ்அப்பிலேயே தங்கினோம்: எல்லோரிடமும் இருக்கிறது, பொதிக்குள் அடங்குகிறது, மூத்தவரும் இளையவரும் ஒரே அறையில் இருக்கலாம். படத்தின் தரம் குறைந்துவிடாமல் ஆவணமாக அனுப்பும் வழக்கத்தை மட்டும் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தோம்.

இப்போதைய ஏற்பாடு

பேசுவது, வரைவைத் திருத்துவது, அடுத்த கண்ணி யாருடையது என்று தீர்மானிப்பது ஆகியவை வட்ஸ்அப்பில் நடக்கின்றன. முடிந்த ஆக்கத்தைக் காட்டுவதற்கு மாஸ்டடன், பிக்செல்ஃபெட், புளூஸ்கை ஆகிய மூன்றிலும் குழுவின் பெயரில் கணக்குகள் உள்ளன. வீட்டு இணைப்பு உள்ளவர்கள் முறைவைத்து எல்லோருடைய ஆக்கங்களையும் அவரவர் பெயரோடு பதிவேற்றி, வந்த பதில்களைத் திரட்டி வட்ஸ்அப்பில் இடுகின்றனர். டேட்டா இல்லாத கவிஞருக்கும் தன் கவிதைக்கு வந்த பதில் போய்ச் சேர்கிறது. இது கூடுதல் உழைப்புத்தான். ஆனால் தங்கையின் கேள்விக்குக் கொடுக்க என்னிடம் உள்ள பதில் இப்போதைக்கு இதுவே. பழைய பக்கத்தை மூடவில்லை. புலம்பெயர்ந்த உறவினர்களும் பழைய வாசகர்களும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதால், புதிய ஆக்கத்துக்கான இணைப்பை மட்டும் அங்கே இடுகிறோம்.

வைக்கும் இடம் எங்களுடையது. .எல்கே (.lk) என முடியும் இணைய முகவரி ஒன்றைப் பதிவுசெய்து, வேர்ட்பிரஸ் மென்பொருளில் எளிய காப்பகம் ஒன்றை அமைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஆக்கத்தின் கீழும் அது எதிலிருந்து பிறந்தது என்ற குறிப்பு இருக்கும். கவிதைகள் அனைத்தும் யூனிக்கோடில் இருக்கும். அக்டிவிட்டிபப் செருகுநிரலைச் சேர்த்திருப்பதால் மாஸ்டடனில் இருப்பவர்கள் இக்காப்பகத்தையே நேரடியாகப் பின்தொடரலாம். படங்களைச் சிறிதாக்கியே ஏற்றுகிறோம். ரீலோட் கணக்கில் பார்ப்பவருக்கும் பக்கம் திறக்க வேண்டும். ஆண்டு முடிவில் தொகுப்பை மின்னூலாக்கி, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பாதுகாத்துவரும் நூலகம் திட்டத்துக்கு அளிக்கவும் தீர்மானித்துள்ளோம்.

தீராதிருப்பது பொறுப்பாளர்கள் பற்றிய பிரச்சினை. 2022க்குப் பிறகு குழுவின் தொழில்நுட்பம் அறிந்த உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு செல்கின்றனர். முகவரியின் பதிவு, கடவுச்சொற்கள், ஆண்டுக் கட்டணம் ஆகியவை ஒருவர் கையில் இருந்தால் அவர் புறப்படும் நாளில் காப்பகமும் ஆபத்துக்குள்ளாகும். ஆகவே கொழும்பில் தங்கியிருக்கும் இருவரும் வெளியூர் உறுப்பினர் ஒருவரும் அவற்றை இணைந்து வைத்திருக்கும் முறையை வகுத்திருக்கிறோம். முழுப் பிரதியொன்றை வன்தட்டில் எடுத்து வைப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆண்டுக் கட்டணத்தை உறுப்பினர்களிடம் திரட்டுவதா, தொகுப்பை அச்சிட்டு விற்று ஈட்டுவதா என்பது அடுத்த கூட்டத்தின் முதல் விடயம்.